ஐம்பது வயதுக் கறுப்பு

எங்கள் தோட்டத்தில் ஒருத்தியின் வயதை அவளிடமே கேட்டு எழுதிய கிளாக்கர் யாரும் கிடையாது. கேட்டால் மட்டும் என்ன தெரிந்துவிடப் போகிறது? “பெரிய மண்சரிவு வந்த வருசங்க” என்பார்கள். எந்த மண்சரிவு என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பிறப்பு அத்தாட்சி வைத்திருந்த கிழவி ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை. ஆகவே தலைத்துண்டை எடுக்கச் சொல்லிப் பார்த்து எழுதுவோம். முழுக் கறுப்பு என்றால் முப்பத்தைந்துக்குள். காதோரம் மட்டும் நரை என்றால் நாற்பத்தைந்து. உச்சியிலும் பரவியிருந்தால் ஐம்பத்தைந்து. பஞ்சாக இருந்தால் அறுபது. அறுபது என்றால் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவில், பேர் வெட்டு. இந்த வேலைக்காகத்தான் நான் எஸ்.எஸ்.சி. வரை படித்தேன் போலிருக்கிறது.

இலங்கை மலையகத்தில், ரத்தோட்டைக்கு மேலே கருங்காலித் தோட்டம் என்று ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே சின்னக் கிளாக்கராக நான் சேர்ந்தது அறுபத்தெட்டில். பேர் கிறிஸ்தோபர். கீழ்ப் பிரிவின் செக்ரோல் என் பொறுப்பு. தாயின் வயதுள்ளவர்களை “நீ, வா, போ” என்று கூப்பிடப் பழக எனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவர்கள் என்னை “ஐயா” என்றார்கள். இரண்டு பக்கமும் அது பழகிப்போன ஏற்பாடு.

மூன்றாம் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், மரியாயி என்று ஒரு கொழுந்துக்காரி இருந்தாள். நான் வந்தபோது பதிவில் அவளுக்கு நாற்பத்தேழு. வருஷத்துக்கு ஒன்று கூட்டிக்கொண்டு வந்ததில் எழுபத்துமூன்றில் ஐம்பத்திரண்டு. உண்மையில் அந்த வருஷம் அவளுக்கு அறுபத்திநாலு. நடுவிலே இருந்த பன்னிரண்டு வருஷத்தை அவள் தன் தலையிலேயே ஒளித்துவைத்திருந்தாள். அதுவும் மருதாணிக்குள்.

அவள் நல்லவள் என்று சொல்ல நான் வரவில்லை. வாய் திறந்தால் வெட்டுகிற மாதிரித்தான் பேசுவாள். ஒருத்திக்குக் குழந்தை தங்கவில்லை என்றால் அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டுவாள். ஆனால் அவளுக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது, அது அவள் புருஷன் லோரன்ஸ். தேயிலைப் பெக்டரியில் மேல் மாடியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து, ஆறு வருஷமாக லயத்து ஒற்றையறைக் காம்பராவில் படுத்த படுக்கையாகக் கிடந்தான். ஒரே மகள் புருஷனோடு பாஸ்போர்ட் எடுத்து இந்தியாவுக்குப் போய்விட்டாள். செக்ரோலில் பேர் உள்ளவருக்குத்தான் லயத்தில் காம்பரா. லோரன்ஸின் பேர் என்றைக்கோ போயாயிற்று. மரியாயியின் பேரும் போனால் இரண்டு பேருக்கும் அரிசியும் இல்லை, ஒழுகாத கூரையும் இல்லை. எனவே அவள் வயதாகாமல் இருந்தாள்.

அவளுடைய வேலை ஒரு கலைதான். லயத்துக்குப் பின்னால் தண்ணீர்க் கானோரமாக ஒரு மருதாணிச் செடி ஆள் உயரத்துக்கு நின்றது. இலையை அம்மியில் மசிய அரைத்து, பெக்டரியில் கூட்டித் தள்ளும் கழிவுத் தேயிலைத் தூளைக் கொதிக்கவைத்து இறக்கிய சாயத்தில் குழைத்து, துருப்பிடித்த இரும்புத் தாச்சியில் ஒரு ராத்திரி ஊறவிடுவாள். அதைப் பூசிக் கழுவினால் நரை செங்கல் நிறத்துக்கு வரும். அந்தச் சிவப்போடு, காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்துக்குப் போனால் குருடனுக்குக்கூடத் தெரிந்துவிடும். அதனால் அதன் மேலே அவுரி. மாத்தளை டவுனில் சாலிஹ் நானாவின் மருந்துக் கடையில் அவுரித் தூள் கிடைக்கும். சிவப்பின் மேல் அவுரியைக் கால் மணி நேரம் வைத்தால் காப்பி நிறம். அரை மணி என்றால் பழைய தேங்காய் மட்டை நிறம். இரண்டு மணி நேரம் என்றால் முழுக் கறுப்பு. மருதாணி அடியில் இல்லாமல் அவுரியை மட்டும் வெள்ளை மயிரில் வைத்தால் பச்சையடித்துவிடும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவளுடைய வெள்ளை நிற ஆட்டைப் பார்த்துத்தான். எந்தக் கலவையையும் முதலில் ஆட்டின் முதுகில் பூசிப் பார்ப்பாள். அந்த ஆடு ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் காப்பி, தொடையில் ஒரு பச்சைத் திட்டோடு லயத்தைச் சுற்றி வரும். சின்னப் பிள்ளைகள் அதற்கு ‘சர்க்கஸ்’ என்று பேர் வைத்திருந்தார்கள். ஆடு அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் அவளுடைய கெட்டித்தனம் கறுப்பாக்குவதில் இல்லை. எவ்வளவு கறுப்பாக்கக் கூடாது என்பதில்தான் இருந்தது. காதோரம் கொஞ்சம் நரையை விட்டுவைப்பாள். நெற்றி மயிரில் நாலைந்து வெள்ளை இழையைத் தொடமாட்டாள். நுனியை வெயிலில் வெளிறியது மாதிரி காப்பி நிறத்தோடு நிறுத்திவிடுவாள். ஒருமுறை ஐம்பத்தெட்டு வயதுக்காரி ஒருத்தி, “நல்லா கறுகறுன்னு பூசிவிடுங்கக்கா, முப்பத்தஞ்சு மாதிரி இருக்கட்டும்” என்று கேட்டுவிட்டாள். மரியாயி தாச்சியைக் கீழே வைத்தாள்.

“முப்பத்தஞ்சா? நாளைக்கே ஒன்னய மேல் மலைக்கு ஏத்துவாங்கடி. ஏர்றதுக்கு ஒனக்கு முட்டி இருக்கா? அம்பதுதான் தோட்டத்தில நல்ல வயசு. வெட்டவும் மாட்டான், வெரட்டவும் மாட்டான். அம்பதுக்குக் கீழ கொறைக்கச் சொன்னா எந்திரிச்சிப் போ.”

அவள் சொன்னது அச்சொட்டான உண்மை. ஐம்பது என்றால் கீழ் மலையில் கொழுந்தெடுக்கலாம். நிறுக்கும்போது கொழுந்து ஒன்றிரண்டு றாத்தல் குறைந்தாலும் கங்காணி சத்தம் போடுவாரே தவிரப் பேர் வெட்டமாட்டார். கீழ்ப் பிரிவில் பத்துப் பதினைந்து பெண்கள் அவள் கைப்பக்குவத்தில் ஐம்பதிலேயே நின்றார்கள். கொழுந்துச் சாறு ஏறி எல்லாருடைய விரலும் எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும். அதனால் அவள் கையில் படிந்த சாயத்தை யாரும் கவனிக்கவில்லை.

நான் மட்டும் கவனித்தேன். அதற்குக் காரணம் என் தலை. எழுபத்திரண்டில், இருபத்தொன்பது வயதில், எனக்கு இரண்டு காதுக்கு மேலும் நரை விழுந்து, உச்சிக்கும் ஏறிவிட்டது. மாத்தளையில் ஒரு ரீச்சருக்கு என்னைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டார் ஒரு தரம் பார்த்துவிட்டு, ‘மாப்பிள்ளைக்கு வயசு என்ன சொன்னீங்க?’ என்று தரகரிடம் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். அந்த வாரம் மரியாயி ஒப்பீஸ் ஜன்னலுக்கு வந்து, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“ஐயாவுக்குத் தலை வெளுத்திருச்சுங்களே. ரீச்சரம்மா வீட்டில யோசிக்கமாட்டாங்களா?”

எனக்கு வந்த கோபத்துக்கு அவள் பேரை அன்றைக்கே வெட்டியிருப்பேன். வெட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவளை வரச் சொல்லி, குவார்ட்டர்ஸின் பின்பக்கம் பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். கூலிக்காரி கிளாக்கரின் தலையைத் தொடுவதா என்று எனக்குள்ளே ஒருவன் கத்தினான். அவள் விரல் படப்பட அவன் அடங்கிப் போனான். கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு ஞாயிறு வந்துவிடுவாள். இருவரும் எதையும் பேசி முடிவு செய்யவில்லை. என் தலை அவள் கையில், அவள் பேர் என் கையில் என்பது பேசாமலே விளங்கியது.

எழுபத்துமூன்றில் புதுத் துரை வந்தார். அரிசிக்கும் மாவுக்கும் நாடே அல்லாடிய வருஷம் அது. லயங்களில் மரவள்ளி அவித்த தண்ணீரைக்கூடக் கொட்டமாட்டார்கள். வந்த மாதமே துரை என்னைக் கூப்பிட்டு, கீழ்ப் பிரிவில் அறுபது தாண்டியவர்கள் ஐந்து பேரை வெட்டு என்றார். நான் செக்ரோலைத் திறந்து பார்த்தேன். அறுபது தாண்டியவள் ஒருத்திகூட இல்லை. மரியாயியின் புண்ணியத்தில் கீழ்ப் பிரிவே ஐம்பதில் நின்றது.

இரண்டு நாள் கழித்து அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் அதிரவில்லை.

“எல்லாத் தலையும் கறுப்பா இருந்தா சந்தேகம் வந்துரும்னு எனக்கு எப்பவோ தெரியுங்க. நாலு பேர விட்டுக் குடுத்துர்றேன். மகன்மாரு வேலை செய்ற கெழவிங்களா பாத்து. அதுக கஞ்சியாச்சும் குடிச்சுக்கும்.”

“நாலு போதாது. ஐந்து.”

“வேற ஆள் இல்லீங்களே.”

“இல்லாவிட்டால் ஐந்தாவது பேர் உன்னுடையதுதான்” என்றேன். நான் அப்படியே சொன்னேன். சொல்லும்போது செக்ரோலின் மூலையை மடித்து விளையாடிக்கொண்டிருந்தேன் என்பதும் ஞாபகமிருக்கிறது.

அவள் அந்த மடிந்த மூலையைப் பார்த்தாள். பிறகு, “ராசம்மா இருக்கா இல்லீங்களா?” என்றாள்.

ராசம்மா ஐந்தாம் லயத்துக்காரி. புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். முப்பது வயதில் நெருப்புக் காய்ச்சல் வந்து பிழைத்தபோது தலை முழுக்க வெளுத்துவிட்டது. மரியாயியிடம் போய்ப் பூசிக்கொள்ள அவளுக்குத் தேவை இருந்ததில்லை. அவள் வயது எல்லாருக்கும் தெரியும், வேலையிலும் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

“ராசம்மாவுக்கு நாற்பத்தெட்டுத்தானே?” என்றேன்.

“ஆளுக்கு நாப்பத்தெட்டு. தலைக்கு அறுவதுங்க.” அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள். “வெட்டுறாங்கன்னு கேள்விப்பட்டு நேத்து வந்தா. ‘அக்கா, எனக்கும் கொஞ்சம் பூசிவிடுங்க, பயமா இருக்கு’ன்னா. மருதாணி தீந்துபோச்சுன்னு சொல்லிட்டேன். பின்னுக்கு செடி தளதளன்னு நிக்குது. அதப் பாத்துக்கிட்டே எந்திரிச்சிப் போனா.”

அந்த இடத்தில் ஒரு மனுஷன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் பேனாவை எடுத்து, அந்த நாலு பேரின் வயதையும் அறுபதுக்கு மேலே ஏற்றிவிட்டு, ராசம்மாவின் நாற்பத்தெட்டை வெட்டி, பக்கத்தில் அறுபத்தொன்று என்று எழுதினேன்.

திங்கட்கிழமை பிரட்டுக்களத்தில் ஐந்து பேரையும் வாசித்தேன். நாலு கிழவிகளும் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கினார்கள். ராசம்மா ஒதுங்கவில்லை. கூடையோடு முன்னால் வந்து நின்றாள்.

“என் கடைசிப் புள்ளைக்கு ஆறு வயசுங்க ஐயா. அறுவது வயசுக்காரிக்கு ஆறு வயசுப் புள்ள இருக்குமாங்க?”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. துரைக்கு என்னவென்று கங்காணி எடுத்துச் சொன்னார். துரை அவள் தலைத்துண்டைத் தன் பிரம்பால் தட்டிவிட்டார். வெயிலில் அந்தத் தலை வெள்ளி மாதிரி மின்னியது. “அது பேரப்பிள்ளை” என்று தனக்குத் தெரிந்த தோட்டத் தமிழில் சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். இப்போது எல்லாரும் நன்றாகவே சிரித்தார்கள். சிரிக்காமல் நின்றவள் மரியாயி மட்டும். அவள் கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

வயதுபோனது என்று பேர் வெட்டப்பட்டவர்களுக்குத் தோட்டம் ஒரே ஒரு தயவு காட்டியது. ஓடைக்குப் பக்கத்தில் இடிந்தும் இடியாமலும் ஒரு பழைய லயம். அதற்கு ‘கிழட்டு லயம்’ என்று பேர். சாகும்வரை அங்கே இருக்கலாம், அரிசி கிடையாது. ராசம்மா மூன்று பிள்ளைகளோடும் அங்கே போனாள். பகலில் ரத்தோட்டைப் பக்கம் போய்ச் சிங்களவர் வீடுகளில் விறகு பிளந்துகொடுத்து, கிடைத்ததைக் கொண்டுவந்தாள். பல நாள் பலாக்கொட்டைதான். நவம்பர் மழையில் அந்த ஆறு வயதுப் பிள்ளை வயிற்றோட்டம் வந்து இரண்டே நாளில் செத்தது. ஓடைக் கரையில் புதைத்தார்கள்.

அது நடந்த நாலாம் நாள் காலையில் மரியாயி கதவைத் திறந்தால் வாசலுக்குக் குறுக்கே மருதாணிச் செடி கிடந்தது. தூரோடு தோண்டி, வேரை வெட்டுக்கத்தியால் நறுக்கி எடுத்திருந்தது. குழிக்குள் கொதிதண்ணீர் ஊற்றியிருந்தது. யார் செய்தது என்று கேட்கவேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. பூசிக்கொள்ளும் பெண்கள் எல்லாரும் கூடி, வா, போய் அவளை ஒரு கை பார்ப்போம் என்று மரியாயியைக் கூப்பிட்டார்கள்.

“புள்ளயப் பொதச்ச கை அது. நான் அவகிட்டப் போய் என்னத்தக் கேக்கிறது?” என்று சொல்லிவிட்டு, அவள் செடியை இழுத்து இலையை உருவ உட்கார்ந்தாள்.

உருவிய இலை இரண்டு வாரத்துக்கு வந்தது. அதன் பிறகு மயிர் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. மயிர் மாதத்துக்கு அரை அங்குலம் வளரும். கீழ்ப் பிரிவில் ஒவ்வொரு உச்சி வகிடும் வெள்ளைக் கோடாகி, கோடு நாடாவாகி அகன்றுகொண்டே வந்தது. பிரட்டுக்களத்தில் நின்று பார்த்தால் எனக்கு யார் யார் என்று பட்டியல் போட்ட மாதிரித் தெரிந்தது. அதே நேரம் துரை, வருஷம் முடியுமுன் இன்னும் ஏழு பேர் என்றார்.

டிசம்பர் நடுவில் நான் கல்யாண உடுப்பு எடுக்க மாத்தளைக்குப் புறப்பட்டேன். ரீச்சர் வீட்டில் ஜனவரிக்கு நாள் வைத்திருந்தார்கள். முதல் நாள் பின்னேரம் மரியாயி ஜன்னலுக்கு வந்தாள். ஐந்து வருஷத்தில் அவள் என்னிடம் கெஞ்சி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“சாலிஹ் நானா வீட்டு வேலியே மருதாணிதானுங்க ஐயா. ஒரு பை உருவிக்கிட்டு வாங்க. எல்லாருக்கும் வேணாம், எனக்கு மட்டும் ரெண்டு கைப்பிடி போதும். வெட்டிட்டாங்கன்னா கெழட்டு லயத்தில அந்த மனுசனுக்கு நான் எப்பிடிங்க கஞ்சி ஊத்துவேன்?”

பார்க்கலாம் என்றேன். சாலிஹ் நானா தங்கமான மனிதர். “மருதோண்டிதானே தம்பி, வேண்டிய மட்டும் முறிச்சுக்கிட்டுப் போங்க” என்று வேலியைக் காட்டினார். பை நிறைய முறித்துக்கொண்டு, அவுரித் தூளும் வாங்கிக்கொண்டு வந்தேன். அரைப்பதும் ஊறவைப்பதும் ஒரு வருஷமாகப் பார்த்துப் பழகியதுதான், நானே செய்துகொண்டேன். என் தலை கறுத்தது. மிச்ச இலை பாதிப் பைக்கு மேல் இருந்தது. அதைக் குவார்ட்டர்ஸ் கிணற்றடியில் கொட்டி மண்ணைப் போட்டு மூடினேன். அவளுக்குக் கொடுத்தால் ஏழில் ஒன்று குறையும் என்று கணக்குப் போட்டேன். அதை வேறு யாராவது கண்டு துரையிடம் சொன்னால் என் வேலை போகும் என்றும் பயந்தேன். இரண்டும் உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, எனக்கு இனி அவள் தேவைப்படவில்லை.

“கிடைக்கவில்லை” என்று சொன்னேன். அவள் என் தலையைப் பார்த்தாள். அப்போதுதான் பூசிய கறுப்பு. “சரிங்க ஐயா” என்றாள்.

வருகிற திங்கட்கிழமை துரையே பிரட்டுக்களத்துக்கு வருவார் என்று லயங்களுக்குச் செய்தி போயிருந்தது. மருதாணி இல்லாமல் அவுரி என்ன செய்யும் என்று அவளைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆட்டுத் தொடையில் பச்சைத் திட்டு இன்னமும் இருந்தது. ஆனாலும் தாச்சியில் துரு கூடவாக, தேயிலைச் சாயம் கூடவாகச் சேர்த்தால் ஒருவேளை பிடிக்கும் என்று நம்பினாளோ, இல்லை வேறு வழி தெரியாமல் செய்தாளோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வெறும் அவுரியைப் பூசிக்கொண்டாள்.

காலையில் தலைத்துண்டை நெற்றிவரை இழுத்துக் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றாள். துரை வரிசை வரிசையாகத் துண்டை எடுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். வெள்ளை வகிடு தெரிந்த ஆறு பேரைக் கண்டுபிடித்து ஒதுக்கியாயிற்று. மரியாயியின் முன்னால் நின்று, “எடு” என்றார். அவள் எடுக்கவில்லை. கங்காணி உருவினார்.

நெற்றியிலிருந்து உச்சிவரை ஒரு விரல் அகலத்துக்குப் பாசி நிறம். நல்ல பச்சை. அதற்குக் கீழே பழைய கறுப்பு. துரை ஒரு நிமிஷம் வாயைத் திறந்தபடி பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததும் பிரட்டுக்களமே சிரித்தது. யாரோ ‘சர்க்கஸ்’ என்று கத்தினார்கள். அவள் கையால் தலை கறுத்தவர்கள்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார்கள். வெட்டப்பட்ட ஆறு பேரும்கூடச் சிரித்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல் வெட்கமாக இருந்தது, ஆனால் நானும் உதட்டைக் கோணிக்கொண்டு நின்றேன்.

சிரிப்பு அடங்கியதும் துரை, “பேர் வெட்டு” என்றார். மரியாயி அழவில்லை. நேராக அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“வெட்டுங்க தொரை. எனக்கு அறுவத்திநாலு வயசு ஆச்சு. நான்தான் பூசி மறைச்சேன், தப்புத்தான். கெழட்டு லயத்தில ஒரு காம்பரா மட்டும் குடுங்க. புருசன் படுத்த படுக்கைங்க.”

துரை என் பக்கம் திரும்பினார். “பதிவில் என்ன வயது?”

அறுபத்திநாலு என்று நான் சொன்னால், ஐந்து வருஷமாக என்ன எழுதிக்கொண்டிருந்தாய் என்று அடுத்த கேள்வி வரும். பிறகு மற்றவர்களின் வயது, பிறகு ராசம்மாவின் வயது. எண்ணிப் பார்க்க எனக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.

“ஐம்பத்திரண்டு, சேர்” என்றேன்.

“ஐம்பத்திரண்டு!” துரைக்குக் கோபமே வந்துவிட்டது. கிழட்டு லயம் கிழவிகளுக்கு, தோட்டத்தை ஏமாற்ற வேஷம் போடுகிறவளுக்கு அல்ல என்றார். வயதுபோய் விலகியதாக இல்லை, பித்தலாட்டம் செய்து நீக்கப்பட்டதாகக் கடிதம் எழுதிக்கொடு, ஒரு வாரத்தில் காம்பராவைப் பூட்டு என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஏழாம் நாள் காலையில் மழை. லோரன்ஸைச் சாக்கில் கிடத்தி, கம்பில் கட்டி, இரண்டு ஆட்கள் ஒப்பீஸ் படிக்குக் கீழே தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஆட்டை விற்றிருந்தாள். ஜன்னலுக்கு வந்தபோது அவள் கையில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. கழுத்துப் பக்கத்தை என் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினாள்.

“நான் பொறந்தப்ப எங்கப்பா வாங்கினதுங்க. வருசம் வெட்டியிருக்கு, பாருங்க.”

1909 என்று உளியால் வெட்டியிருந்தது. எழுத்து தேய்ந்திருந்தாலும் தெளிவாகவே இருந்தது.

“செம்பெல்லாம் சாட்சியாகுமா?” என்றேன்.

“காம்பரா கேக்கலீங்க ஐயா. கடுதாசியில வயச மட்டும் மாத்திக் குடுங்க. வயசானவன்னு இருந்தா எங்கயாச்சும் ஒரு எடத்தில ஒதுங்க விடுவாங்க. அம்பத்திரண்டுன்னு இருந்தா ஒழைக்கத்தானே சொல்லுவாங்க.”

“பதிவில் எழுதியதை மாற்ற முடியாது.”

அவள் செம்பைத் துணிக்குள் திரும்பச் சுற்றினாள். நிதானமாகத்தான் சுற்றினாள். பச்சைத் தலையில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“நான் பூசினது ஒரு மாசத்தில வெளுத்துருதுங்க. நீங்க பூசினது வெளுக்கவே வெளுக்காதுங்களா?”

நான் கடிதத்தை நீட்டினேன். அவள் வாங்கி, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

லோரன்ஸ் ஒன்பதாம் நாள் ரத்தோட்டையில் ஒரு கடைத் தாழ்வாரத்தில் செத்துப்போனான். மாத்தளையில் வயதானவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு மடத்துக்கு அவள் போனதாகவும், கடிதத்தைப் படித்துவிட்டு, இன்னும் எட்டு வருஷம் கழித்து வா என்று அனுப்பிவிட்டதாகவும் கேள்விப்பட்டேன். பிறகு பல்லேபொலப் பக்கம் ஒரு மிளகுத் தோட்டத்தில் கூலிக்குச் சேர்ந்திருக்கிறாள். ஐம்பத்திரண்டு வயதுக்காரிக்கு ஏணியில் ஏறுவதில் என்ன கஷ்டம் என்று அவளை ஏற்றியிருக்கிறார்கள். மூன்று வருஷம் ஏறியிறங்கியிருக்கிறாள்.

எழுபத்தாறில் அங்கிருந்து கிராம சேவகர் எங்கள் ஒப்பீசுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். மரியாயி என்னும் பெண் ஏணியிலிருந்து விழுந்து இறந்துவிட்டாள், உறவினர் யாரும் இல்லை. அவளிடமிருந்த தோட்டத்துக் கடிதம் மழையிலும் வியர்வையிலும் நனைந்து மை கரைந்துவிட்டது, பேரைத் தவிர ஒன்றும் வாசிக்க முடியவில்லை. மரண அத்தாட்சியில் போட அவளுடைய சரியான வயதைத் தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார்.

அந்தத் துரை அதற்கு முந்திய வருஷமே ஊரைவிட்டுப் போய்விட்டார். தோட்டம் அரசாங்கத்துக்குப் போயிருந்தது. பழைய பதிவுகளைத் திறந்து பார்க்க ஒருவரும் இல்லை. எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பிறந்திருந்தது. நான் பயப்பட வேண்டியவர் உலகத்தில் யாரும் இல்லை. அறுபத்தேழு என்று எழுத எனக்கு ஒரு துளி மைதான் செலவு.

பதிவை எடுத்துப் பார்த்தேன். ஐம்பத்திரண்டும் மூன்றும் ஐம்பத்தைந்து என்று கூட்டி, அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.